கட்டுமரம் எத்தனை லிட்டர் குடிக்கும்?

கப்பல்கள் வெளிவிடும் கரியமில வாயுவைக் குறைப்பது எப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் நார்வே, ஜப்பான், டென்மார்க் என்று எங்கெங்கோ போய்விடுவோம். நாம் இருக்கும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம் கடற்கரை. எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் இரண்டாயிரம் வருடம் கடலுக்குப் போய்வந்த கரை அது. கடந்த ஐம்பது, அறுபது வருடங்களில்தான் எண்ணெய் இல்லாமல் கடலில் இறங்கவே முடியாது என்கிற நிலைக்கு வந்திருக்கிறது. இந்த ஒரு கரையில் நடந்ததைப் புரிந்துகொண்டால் உலகக் கப்பல்களுக்கு நடந்ததில் பாதி புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இந்தக் கட்டுரை இங்கிருந்தே கிளம்புகிறது.

தலைப்பில் இருக்கும் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது, பிறகு ஏன் போனது என்பதுதான் விஷயம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிகர் கையேடு சோழமண்டலக் கரையின் துறைமுகங்களைச் சொல்லும்போது கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று பெயர்களைத் தருகிறது. கடைசியாக உள்ள சோபட்மாவை மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர்தான். அந்தக் கையேடு இங்குள்ள கலங்களையும் வகை பிரித்துச் சொல்கிறது. கரையோரமாகப் போகும் உள்ளூர்க் கலங்கள் ஒன்று, மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய கலங்கள் இன்னொன்று, கங்கைக்கும் கடல் கடந்தும் போகும் மிகப் பெரிய கப்பல்கள் வேறு. மரங்களைச் சேர்த்துக் கட்டுவது என்ற யோசனை அப்போதே வெளிநாட்டான் கண்ணில் பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1970 வாக்கில் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ரோமானியர்கள் மது கொண்டுவரும் ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சாதவாகனர் வெளியிட்ட, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் பொறித்த காசுகளும் சோழமண்டலக் கரையில் கிடைத்திருக்கின்றன. பிறகு பல்லவர் காலம். இலங்கை இளவரசன் மானவர்மனுக்காக முதலாம் நரசிம்மவர்மன் கடற்படை அனுப்பியதை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. மாமல்லன் என்று ஊருக்கே பெயர் கொடுத்தவர் அவர்தான். இவ்வளவு போக்குவரத்தும் காற்றை நம்பித்தான் நடந்தது. வாடைக்காற்று எப்போது, கச்சான் எப்போது என்று தெரியாதவன் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய முடியாது. எரிபொருள் செலவு பூஜ்யம். ஆனால் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் அந்நிய ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு செலவுதான். அந்தக் காலத்துச் செலவு நேரமாக இருந்தது, பிறகு அது நிலக்கரியாகவும் டீசலாகவும் மாறியது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கட்டுமரத்துக்கு வருவோம்.

நம்மில் பலர் அதைப் 'பழைய காலத்து எளிய படகு' என்று நினைக்கிறோம். படகே இல்லை அது. படகு என்றால் உள்ளே காற்று இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது. புகுந்தால் மூழ்கும். கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, முன்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி கயிற்றால் கட்டிவிடுவார்கள். ஆணி கிடையாது. மரமே மிதக்கிறது, அதனால் மூழ்க வழியில்லை. அலை வந்தால் மேலே ஏறி, இடுக்குகள் வழியாகக் கீழே வடிந்துவிடும். மொண்டு ஊற்றும் வேலை மிச்சம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஊறிய தண்ணீர் வெளியேறி மரம் மறுபடியும் இலேசாகிவிடும். எடை குறைந்தால் தண்ணீரில் இழுவை குறையும். 'இலேசான கலமே சிக்கனமான கலம்' என்று இன்று கப்பல் பொறியியல் வகுப்பில் சொல்வதை நம் ஆட்கள் தினமும் மத்தியானம் மணலில் செய்துகொண்டிருந்தார்கள்!

இந்த வடிவம் ஏன் இந்தக் கரையில் வந்தது என்பதற்குக் காரணம் அலை. கோவளம், நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று எங்கே போய்ப் பார்த்தாலும் திறந்த மணற்கரைதான், இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரைக்குப் பக்கத்திலேயே அலை உடைந்து விழும். ஆழமான அடிப்பாகம் உள்ள படகு அங்கே தரை தட்டிக் கவிழும். இங்கே ஓடக்கூடிய கலம் இரண்டே வகை. ஒன்று கட்டுமரம். இன்னொன்று பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகு. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளக்கும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். வெள்ளைக்காரர்கள் சென்னையில் துறைமுகம் கட்டும்வரை கப்பலில் வந்த கவர்னர் முதல் கம்பளி மூட்டை வரை இந்த இரண்டில் ஒன்றில்தான் கரை சேர்ந்தார்கள். அந்தத் துறைமுகத்தையும் 1881 நவம்பரில் வந்த புயல் அடித்துச் சிதைத்துவிட்டது என்பது தனிக் கதை.

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லி வர்ணித்தார். அப்படித்தான் 'கட்டமரான்' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் அது செய்த வேலைதான் வேடிக்கை. இன்று உலகம் முழுக்க கட்டமரான் என்றால் இரண்டு ஒல்லியான உடல்களை மேலே ஒரு தளத்தால் இணைத்த கலம். அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது, நம்முடையது இல்லை. பெயர் மட்டும் நம்முடையது. "கட்டமரானைக் கண்டுபிடித்தவன் தமிழன்" என்று மின்னஞ்சலில் சுற்றும் பெருமைச் செய்தியைப் பார்த்தால் பாதி சரி என்று சொல்லுங்கள் :-)

ஆனாலும் அந்த இரட்டை உடல் வடிவத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். 1876-இல் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் போட்டிக்கு நத்தானியேல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகைக் கொண்டுவந்தார். பெரிய பெரிய படகுகளை எல்லாம் அது பின்னால் தள்ளிவிட்டது. தோற்றவர்கள் புகார் கொடுக்க, இந்த மாதிரிப் படகுக்குப் போட்டியில் இடமே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஜெயித்ததற்குத் தண்டனை!

அது ஏன் ஜெயித்தது என்பதற்கு விடை அதே காலத்தில் இங்கிலாந்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் டார்க்கி என்ற ஊரில் நீளமான தண்ணீர்த் தொட்டி கட்டி, மெழுகில் சின்னச் சின்ன மாதிரிக் கப்பல்கள் செய்து இழுத்துப் பார்த்தார். 1870களின் தொடக்கம் அது. அவர் காட்டியது இது: தண்ணீர் கப்பலை இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று உராய்வு, அதாவது தோலோடு தண்ணீர் தேய்வது. மற்றொன்று அலை. கப்பல் போகும்போது தானே ஒரு அலையை உண்டாக்குகிறது, அந்த அலையை உண்டாக்கும் சக்தியும் நம் எரிபொருளிலிருந்துதான் போகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளம் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அப்போது படகு தன்னுடைய அலையின் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் வேண்டும் என்றால் தான் உண்டாக்கிய மேட்டின் மீது தானே ஏற வேண்டும்.

கணக்கு சுலபம். படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.4-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற எல்லை. 8 மீட்டர் படகுக்கு ஏறக்குறைய 7. இருநூறு மீட்டர் சரக்குக் கப்பலுக்கு 34. சரக்குக் கப்பல் வழக்கமாக 12, 15 என்றுதான் ஓடும், தன் எல்லைக்கு வெகு கீழே. நம் ஊர்ச் சின்னப் படகோ கொஞ்சம் முறுக்கினாலே எல்லையில் போய் முட்டிவிடும். உடல் ஒல்லியாக இருந்தால் உண்டாகும் அலை சிறியது, அதனால் முட்டல் குறைவு. அமரில்லிஸ் ஜெயித்த ரகசியம் அதுதான்.

எல்லைக்குள்ளேயும் ஒரு விஷயம் உண்டு. தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதாவது 10-ஐ 8 ஆக்கினால், தேவையான சக்தி பாதியாகிவிடும் (0.8 × 0.8 × 0.8 = 0.512). போய்ச்சேர நேரம் கால்பங்கு கூடுதலாகும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு பயணத்துக்கு 36 சதவீத எண்ணெய் மிச்சம். படகைத் தொடவே இல்லை, ஒரு ஆணிகூட மாற்றவில்லை. இதைவிட மலிவான வடிவமைப்பு மாற்றம் எதுவும் இருக்க முடியாது.

நடுவில் நீராவிக் காலத்தை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறேன். 1866-இல் ஆல்ஃபிரட் ஹோல்ட் என்பவரின் 'அகமெம்னான்' கப்பல் புதுவகை எஞ்சினோடு வந்தது, லிவர்பூலிலிருந்து வழியில் நிலக்கரி ஏற்றாமலே மொரீஷியஸ் வரை போனது. 1869-இல் சூயஸ் கால்வாய். 1912-இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் எஞ்சினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டன் சரக்கைச் சுமக்கும் எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மொத்தம் எரித்தது கூடிக்கொண்டே போனது. செலவு குறைந்ததும் கப்பல்கள் பெருகின, வேகம் கூடியது, அவ்வளவுதான். ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1865-லேயே நிலக்கரியைப் பற்றி இதைத்தான் எச்சரித்தார். திறமையான எஞ்சின் வந்தால் புகை தானாகக் குறையும் என்று நம்புகிறவர்கள் அவரைக் கொஞ்சம் படிக்கலாம். மாமல்லபுரம் குன்றின் மேல், பல்லவர் கட்டிய ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில் 1887-இல் விளக்கு வைத்ததும், பக்கத்திலேயே 1904-இல் கல்லால் கலங்கரை விளக்கம் கட்டியதும் இப்படிப் பெருகிய நீராவிக் கப்பல்களுக்காகத்தான். அதன் அடியில் மணலில் இறங்கிக்கொண்டிருந்த கட்டுமரங்களுக்கு அந்த விளக்கோடு பெரிய சம்பந்தம் இல்லை. விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாயை விரித்துப் போவார்கள், மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் அதிலேயே திரும்பிவிடுவார்கள்.

எஞ்சின் இந்தக் கரைக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1953-இல் கேரளாவின் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. விசைப்படகும் இழுவை வலையும் அதன் வழியாகப் பரவி, தமிழ்நாட்டுக்கும் வந்து, துறைமுகம் உள்ள ஊர்களில் வேரூன்றியது. மாமல்லபுரம் கரையில் துறைமுகம் இல்லை, அதனால் விசைப்படகும் இல்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகுகள் இங்கே வந்து மீன் பிடிக்கலாமே! கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன, சண்டைகள் வந்தன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மீன் தூரம் போய்விட்டதே. துரத்திப் போக எஞ்சின் வேண்டும். கட்டுமரத்தின் பின்னாலேயே சின்ன அவுட்போர்டு எஞ்சினை மாட்டத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1979-இல் 'வங்காள விரிகுடாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, அலுவலகத்தைச் சென்னையில் வைத்தது. பணம் பெரும்பாலும் சுவீடன் கொடுத்தது. அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த அந்த அலுவலகம் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று, இந்த மாதிரித் திறந்த கரையில் இறங்கக்கூடிய, டீசல் எஞ்சின் வைத்த படகு ஒன்றை வடிவமைப்பது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சிக்கனமான படகுக்குப் பெரிய உந்துவிசிறி வேண்டும், அது மெதுவாகச் சுற்ற வேண்டும். பெரிய விசிறி என்றால் தண்ணீருக்குள் ஆழமாக இருக்கும். ஆழமாக இருந்தால் கரையேறும்போது மணலில் இடித்து உடையும். சின்ன விசிறியை வேகமாகச் சுற்றவிட்டால் கரையேறலாம், எண்ணெய் போகும். ஆக, எவ்வளவு எண்ணெய் எரிய வேண்டும் என்பதை நம் கரையின் அலையே தீர்மானிக்கிறது! நார்வேக்காரரான ஓய்விந்த் குல்பிரான்சன் என்ற படகு வடிவமைப்பாளர் இதற்கு ஒரு வழி செய்தார். எஞ்சினையும் விசிறியையும் கரை நெருங்கும்போது மேலே தூக்கிக்கொள்ளும்படி அமைத்தார். பல மாதிரிகள் கட்டிச் சோதித்தார்கள். கரை இறங்கு படகு என்று அதற்குப் பெயர்.

அதே குல்பிரான்சன் எழுதி, அதே திட்டம் 1986-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டது. சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி என்பதுதான் நூலின் பெயரும் பொருளும். 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிந்தைய காலம் அது, பூமி சூடாவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மீனவன் பர்ஸைக் காப்பாற்றத்தான் எழுதினார். ஆனால் இன்று காலநிலை மாநாடுகளில் பேசுகிற பெரும்பாலான விஷயம் அதிலேயே இருக்கிறது: வேகத்தைக் குறை, அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுரண்டு, பெரிய விசிறியை மெதுவாகச் சுற்று, படகை நீளமாகவும் இலேசாகவும் கட்டு, டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைவிட டீசல் மேல், காற்று இருக்கும்போது பாயை விரி. அவரே 2012-இல் இதை இன்னும் விரிவான கையேடாக எழுதினார், அதை ரோமிலிருந்து உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிட்டது. திட்டம் 2003-இல் வங்கக்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பாக மாறி, இன்றும் சென்னையிலிருந்துதான் இயங்குகிறது.

இவ்வளவு தெரிந்தும் கரையில் நடந்தது வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமி கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போனது. உதவ வந்த நிறுவனங்கள் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. ஒரே அச்சில் வார்த்து விரைவாகக் கொடுக்க முடிந்தது ஒரு காரணம், கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் விலை ஏறிவிட்டது இன்னொரு காரணம். சில இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் வந்து சேர்ந்தன என்று பிறகு நிபுணர்கள் கவலைப்பட்டார்கள். கட்டுமரம் ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருந்தது, சுனாமி அதை முடித்துவைத்தது என்று சொல்லலாம். இப்போது மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்துக் குப்பத்தில் நின்று பார்த்தால் வரிசையாக ஃபைபர் படகுகள். துடுப்பு வலிப்பதும் மனிதன்தான், குளிரில் நனைவதும் மனிதன்தான், ஆகவே கட்டுமரம் போனதற்காக நான் ஒப்பாரி வைக்கத் தயாராக இல்லை. பாயை நம்பிப் போனவர்கள் காற்று நின்றுவிட்டால் கைவலிக்கத் துடுப்புப் போட்டார்கள். அந்த வலியைக் 'கார்பன் இல்லாத பயணம்' என்று ஏசி அறையில் உட்கார்ந்து புகழ்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் எண்ணெய்ச் செலவு நிஜம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஒரு படகு ஒரு நாளைக்கு 20 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 54 கிலோ. மேலே சொன்ன மாதிரி வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 7 லிட்டர் மிச்சம், 19 கிலோ புகை குறைவு. 7 லிட்டர் என்பது ஒரு மீனவக் குடும்பத்தின் அன்றைய சாப்பாட்டுச் செலவைவிட அதிகமாகவே இருக்கலாம். பிறகு ஏன் யாரும் மெதுவாக ஓட்டுவதில்லை?

ஏலம்! முதலில் கரை சேர்ந்த படகின் மீனுக்கு நல்ல விலை. கடைசியில் வந்தவனுக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. ஐஸ் பெட்டியில்லாத படகில் வெயில் ஏற ஏற மீனும் வாடும். நான் ஒருவன் மட்டும் மெதுவாகப் போனால் எண்ணெயில் மிச்சம் பிடித்ததை ஏலத்தில் விட்டுவிடுவேன். எல்லோரும் மெதுவாகப் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. யார் முதலில் மெதுவாகப் போவது என்பதுதான் கேள்வி. இது வடிவமைப்பாளர் தீர்க்கக்கூடிய கேள்வி இல்லை.

இப்போது அடிவானத்தில் தெரியும் பெரிய கப்பல்களைப் பாருங்கள், அதே கதைதான் பெரிய அளவில் நடந்திருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018-இல் உலகக் கப்பல் போக்குவரத்து 107 கோடி டன்னுக்கு மேல் பசுமை இல்ல வாயுக்களை வெளிவிட்டது. மனிதர்கள் வெளிவிடும் மொத்தத்தில் 2.89 சதவீதம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பலைவிடச் சிக்கனமான வண்டி கிடையாது என்பதும் உண்மை. சரக்கு அவ்வளவு போகிறது.

2000களின் நடுவில் கன்டெய்னர் கப்பல்கள் மணிக்கு 24, 25 கடல் மைல் என்று பறந்தன. 2008-இல் எண்ணெய் விலை உச்சிக்குப் போய், பிறகு பொருளாதாரமும் சரிந்தது. சரக்கு இல்லை, கப்பல் அதிகம். உடனே பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேகத்தைக் குறைத்தன. எண்ணெய்ச் செலவு சரசரவென்று இறங்கியது. எல்லோரும் சேர்ந்து மெதுவானதால் யாருக்கும் ஏலத்தில் நஷ்டம் இல்லை, கவனித்தீர்களா? பிறகு இன்னொரு கூத்தும் நடந்தது. கப்பலின் முன்னால் தண்ணீருக்கடியில் குமிழ் மாதிரி ஒரு மூக்கு இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் நூறு வருடம் முன்பு கொண்டுவந்த யோசனை அது. கப்பல் உண்டாக்கும் அலைக்கு எதிர் அலை உண்டாக்கி இரண்டையும் கழித்துவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். 24 மைலுக்குச் செய்த மூக்கு 16 மைலில் பாரமாகிவிட்டது. 2010களில் மெர்ஸ்க் உள்ளிட்ட கம்பெனிகள் ஓடிக்கொண்டிருந்த கப்பல்களின் மூக்கை அறுத்துவிட்டுப் புது மூக்கு வைத்தன. சூர்ப்பணகைக்குக்கூட அந்த வசதி கிடைக்கவில்லை :-)

காற்றும் திரும்பி வருகிறது. 1924-இல் ஜெர்மானியர் அன்டன் ஃபிளெட்னர் 'பக்காவ்' கப்பலில் சுழலும் தூண்களை நிறுத்திக் காற்றால் ஓட்டிக் காட்டினார். டீசல் மலிவு என்பதால் மறந்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு விறைப்பான இறக்கைகளை நிறுத்திக்கொண்டு சீனாவிலிருந்து பிரேசிலுக்குக் கிளம்பியது. பாய்தான் அது, துணிக்குப் பதில் கெட்டித் தகடு.

நம் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வைக்கத்தில் ஓடும் 'ஆதித்யா'. (ஆமாம், பெரியார் போன அதே வைக்கம்தான்.) கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் வேம்பநாட்டுக் காயலில் இறக்கிய சூரியசக்திப் படகு. 75 பேர் போகலாம். இரட்டை உடல், ஃபைபர், கூரை முழுக்க சூரியத் தகடு. மெதுவாகத்தான் போகும். சூரியத் தகடு தரும் கொஞ்சம் மின்சாரம் போதுமானதாக இருப்பதற்குக் காரணமே உடல் ஒல்லியாக இருப்பதும் வேகம் குறைவாக இருப்பதும்தான். பயணிகள் படகுக்கு ஏலம் கிடையாது, யார் முதலில் கரை சேர்ந்தாலும் டிக்கெட் ஒன்றே. அதனால் அங்கே இது சாத்தியமானது. 2023-இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகளும் இரட்டை உடல்தான்.

மீனவன் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். 'எல்லோரும் சேர்ந்து' என்பது இந்தக் கரைக்குப் புதிது இல்லை. மார்டன் பாவின்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் சோழமண்டலக் கரை மீனவர்களைப் பற்றி 2001-இல் எழுதிய நூலில், ஊர்ப் பஞ்சாயத்துகள் கெடுதல் என்று நினைத்த வலைகளைத் தாங்களே தடை செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். சர்க்கார் சொல்லி இல்லை, ஊர் கூடி. விசைப்படகுகளுக்கு வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் இருக்கிறது, எல்லோரும் சேர்ந்துதான் நிற்கிறார்கள். ஏலத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டால், முதலில் வர வேண்டும் என்று முறுக்குவதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். கூடவே ஐஸ் பெட்டியும் வேண்டும், இல்லாவிட்டால் வீண். நாடுகள் மட்டத்தில் இதே வேலையைத்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு செய்யப் பார்க்கிறது. 2013 முதல் புதுக் கப்பல்களுக்கு வடிவமைப்புத் தகுதி அளவு, 2023 முதல் ஓடும் கப்பல்களுக்கு மதிப்பெண், 2050 வாக்கில் நிகர பூஜ்யம் என்ற இலக்கு எல்லாம் வந்தன. புகைக்கு விலை வைக்கும் திட்டம் 2025 அக்டோபரில் லண்டனில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். நாடுகளின் பஞ்சாயத்தைவிடக் கொக்கிலமேடு பஞ்சாயத்து சீக்கிரம் முடிவெடுக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

செங்கல்பட்டு மாவட்டத் தையூரில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் பெரிய அலைத்தொட்டி கட்டியிருக்கிறார்கள். துறைமுகங்களையும் கரைகளையும் மாதிரி செய்து சோதிக்கிற இடம். ஃப்ரூட் மெழுகுக் கப்பலை இழுத்த மாதிரி, நம் ஃபைபர் படகு ஒன்றின் மாதிரியை அங்கே செயற்கை அலையில் கரையேற்றிப் பார்த்தால், பெரிய விசிறியை எவ்வளவு ஆழம் வரை விடலாம் என்று கணக்கு கிடைக்கும். அதற்கு முன்னால் எனக்கு வேறொரு கணக்கு தேவைப்படுகிறது. கோவளத்திலிருந்து புதுப்பட்டினம் வரை எந்தெந்தக் குப்பத்தில் காலை எத்தனை மணிக்கு ஏலம் தொடங்குகிறது, முதல் படகுக்கும் கடைசிப் படகுக்கும் விலை எவ்வளவு இறங்குகிறது? அந்தப் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வருகிற நண்பர்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.